மனைவியின் பங்கு இரவற்பொருள் அன்று

(நம் மன்றத்தின் மகளிர் அரங்கில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)



தொல்காப்பியக் கற்பியலைப் பற்றிப் பேசுமாறுதான் மன்றத்தார் என்னை முதலிற் கேட்டார்கள். நான்தான் தலைப்பை மாற்றிக்கொண்டேன். கணவன் மறைந்தபின் அவன் உடைமையில் மனைவிக்குள்ள பங்கைப் பற்றிப் பேசப் போகின்றேன். சட்டம் பயின்ற வழக்கறிஞன் அல்லன் நான். மாணவர்க்கு யாப்பும் அணியும் சொல்லிக் கொடுப்பவன். ஆயினும் இச்செய்தியைப் பேச எனக்கொரு கடப்பாடு இருக்கின்றது. அஃது என்ன கடப்பாடு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகின்றேன்.

1996 ஆம் ஆண்டு. எனக்கு அகவை 26. ஆசிரியப் பணியில் அமர்ந்து ஓராண்டும் நிறையவில்லை. முதுகுன்றத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த என் அக்கையின் கணவர், மஞ்சள் நோயுற்றுப் பதினைந்தே நாளில் மறைந்துபோனார். அவர் கொத்தனார். முன்னோர் வழி வந்த நிலம் ஒரு குழிகூட இல்லாதவர். தம் கையுழைப்பால் ஈட்டி, தம் பெயரில் இரண்டு ஏக்கர் புன்செய் வாங்கினார். ஓட்டுவீடு ஒன்றும் தாமே கட்டினார். பெண்மக்கள் இருவர், மூத்தவளுக்கு 9, இளையவளுக்கு 6.

பதினாறாம் நாள் கழிந்த மறுகிழமை, கணவரின் தம்பியர் இருவரும் எழுதி முடித்த ஆவணம் ஒன்றோடு வந்தனர். "அண்ணன் ஊரெல்லாம் கடன் வைத்துவிட்டுப் போயிருக்கிறார், அண்ணி. உங்கள் பெயர் இதில் இருந்தால் கடன்காரன் உங்கள் தோட்டையும் கழற்றக் கேட்பான். இந்த விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வைத்துவிட்டால் உங்களுக்கு விடுதலை" என்றனர். தமக்காகவும், சிறுமியர் இருவர்க்கும் காப்பாளர் என்ற முறையிலும், உரிமை முழுவதையும் மாமியார்க்கு விட்டுக்கொடுப்பதாக என் அக்கை எழுதித் தருவதாய் அந்த ஆவணம் அமைந்திருந்தது. வீட்டில் அதைப் படித்துக் காட்டியவன் நான். பதிவு அலுவலகத்தில் கரியாளனாகக் கையெழுத்திட்டவனும் நானே.

படித்து முடித்ததும் அக்கை கேட்டார்: "தம்பி, இதுல என்ன எழுதியிருக்கு?"

"இனி உனக்குத் தொல்லையில்லை என்று எழுதியிருக்கிறது அக்கா" என்றேன் நான்.

உண்மையில் எனக்கு அதன் பொருள் முழுவதும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்லிக்கொள்ள வெட்கம். கல்லூரியில் தமிழ் படித்துப் பட்டம் பெற்றவன் ஆயிற்றே! மேலும் ஒன்றுண்டு, அதையும் மறைக்கவேண்டா. எனக்கு அப்பொழுது திருமணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அக்கை வீட்டாரோடு பூசலிட்டால் பெண் வீட்டார் என்ன நினைப்பரோ என்ற அச்சமும் என்னுள் இருந்தது.

இரண்டாண்டில் மாமியார் அந்த நிலத்தையும் வீட்டையும் தம் மக்கள் இருவர்க்கும் கொடையாக எழுதிவைத்தார். அக்கை இரு பெண்களோடு எங்கள் வீடு வந்து சேர்ந்தார். பள்ளியொன்றின் நண்பகல் உணவுக்கூடத்தில் சமையல் உதவியாளராகப் பல்லாண்டு உழைத்தே மக்களை ஆளாக்கினார். ஊரெல்லாம் இருந்ததாகச் சொல்லப்பட்ட கடன் செங்கற்சூளைக்காரர்க்குத் தரவேண்டிய எண்ணாயிரம் உருபா மட்டுமே.

நெடுநாள் வரை நான் இந்தக் கேட்டிற்கெல்லாம் ஆவணத் தமிழையே குறைகூறி வந்தேன். 'யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை' என்ற தொடரைக் காட்டி, பாத்தியம் என்னும் அயற்சொல்லுக்கு மாற்றாக உரிமை என்று எழுதியிருந்தால் என் அக்கைக்கு விளங்கியிருக்கும் என்று மேடைதோறும் பேசியிருக்கின்றேன். அஃது உண்மையுந்தான். ஆனால் முழு உண்மையன்று. என் அக்கையை ஏமாற்றிய சொல் பாத்தியம் அன்று. அவர் காதில் விழுந்ததும் அவர் நம்பியதும் 'விடுதலை' என்னும் சொல்லையே. கடனினின்று விடுதலை என்று அவர் கொண்டார். உரிமையினின்று விடுதலை என்று ஆவணம் கொண்டது. விடுதலை கலப்பற்ற நல்ல தமிழ்ச்சொல். அச்சொல்லுக்கு அங்கே என்ன பொருள் என்று எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியவன் அருகிலேயே வாய்மூடி நின்றேன். தூய தமிழில் எழுதிவிட்டால் மட்டும் போதாது, உடன்பிறப்புகளே. அது யாருக்கு எழுதப்பட்டதோ அவர்க்கு உரைத்தும் ஆகவேண்டும்.

பின்னர் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டும், சட்ட நூல்களைத் தேடியும் நான் கற்றவற்றை இனிச் சொல்கின்றேன். சொல்லொன்றை முதலில் ஒப்புக்கொள்வோம். வாரிசு என்று நாம் வழங்குவது அரபுச் சொல்வழி வந்தது. பிறங்கடை என்று தேவநேயப் பாவாணர் வழங்குவார். அவ்வளவு பழகாத சொல்லாகலின், இன்று நான் உரிமையர் என்றே சொல்வேன்.

1956 ஆம் ஆண்டு இந்து மரபுரிமைச் சட்டத்தின்படி, ஓர் ஆண்மகன் உயில் எழுதாமல் இறந்தால், அவன் உடைமை முதல் வகுப்பு உரிமையர்க்கே போகும். மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர் அவ்வகுப்பின் தலையாயவர்கள். ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொரு பங்கு. மகனுக்குக் கூடுதலும் இல்லை, மனைவிக்குக் குறைவும் இல்லை. தந்தை அவ்வகுப்பில் இல்லை. உடன்பிறந்தாரும் இல்லை. முதல் வகுப்பில் ஒருவர் இருக்கும்வரை உடன்பிறந்தார்க்கு ஓர் ஓடும் இல்லை, ஒரு வரப்பும் இல்லை.

என் அக்கையின் கணக்கைப் பாருங்கள். அவர் ஒன்று, பெண்மக்கள் இருவர், மாமியார் ஒன்று. ஆக நான்கு பங்கு. நான்கில் மூன்று அக்கைக்கும் அவர் மக்களுக்கும் உரியவை. எண்ணாயிரம் உருபாக் கடனுக்கு அஞ்சி, நான்கில் மூன்றை எழுதிக் கொடுத்தோம்! அக்கடன் அச்சமும் வெற்றச்சமே. இறந்தவர் பட்ட கடனுக்கு அவர் விட்டுச்சென்ற உடைமையளவே பொறுப்பு. மனைவி தானும் பிணை நின்று கையெழுத்திட்டிருந்தாலன்றி, அவள் காதுத் தோட்டையோ அவள் நாட்கூலியையோ எந்தக் கடன்காரனும் கேட்கமுடியாது.

சிறுமியர் பங்கை எழுதிக்கொடுத்தது இன்னும் பெரிய பிழை. அகவை 18 நிறையாத பிள்ளையின் தனிப்பங்காய் அமைந்த நிலத்தையோ வீட்டையோ, பெற்ற தாயாயினும் முறைமன்றத்தின் இசைவு பெறாமல் பிறர்க்குக் கைம்மாற்றக் கூடாதென்று 1956 ஆம் ஆண்டின் இந்து இளையோர் காப்பாண்மைச் சட்டம் தடுத்துள்ளது. அவ்வாறு மாற்றியிருந்தால், பிள்ளை 18 நிறைந்து மூன்றாண்டிற்குள் வழக்கிட்டு அதனை முறித்துவிடலாம். என் அக்கையின் மூத்த மகளுக்கு 2005 இல் 18 நிறைந்தது. 2008 வரை வாயில் திறந்தே இருந்தது. எனக்கு இச்செய்தி தெரிந்தது 2011 இல். இளையவளுக்கும் அப்பொழுது 21 கடந்திருந்தது. அந்த வழக்கறிஞர் நாட்காட்டியைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தார். அப்பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

தாய்மார்களே, இந்த உரிமை எளிதில் வந்ததன்று. கூட்டுக் குடும்பத்தில் ஒருவன் இறந்தால் அவன் பங்கு அவன் பங்காளிகளைச் சேரும். கைம்பெண்ணுக்குச் சோறும் துணியும். அதுதான் பழைய இந்துச் சட்டத்தின் நடைமுறை. பெண்ணுக்கும் ஆணுக்கொத்த சொத்துரிமை வேண்டும் என்று 1929 இல் செங்கற்பட்டில் கூடிய தன்மான இயக்க மாநாடு தீர்மானம் இயற்றியபோது அதை நகையாடியவர் பலர். 1937 இல் வந்த சட்டம் கைம்பெண்ணுக்கு மகனுக்கொத்த பங்கு தந்தது. ஆனால் அவள் உயிருள்ளவரைக்கும் மட்டுமே. அவளுக்குப் பின் அது கணவன் வழிக்கே திரும்பும். வேளாண் நிலத்திற்கு அதுவும் இல்லை! உழுகுடிப் பெண்ணுக்கு நிலத்தில் பங்கில்லை என்றால் வேறெதில் பங்கு? சென்னை மாநிலத்தில் அதை வேளாண் நிலத்திற்கும் நீட்ட 1947 வரை பொறுக்க வேண்டியிருந்தது. 1956 இன் சட்டத்தில் 14 ஆம் பிரிவுதான் அந்தத் தளையை அறுத்தது. பெண்ணின் கையிலிருக்கும் உடைமைக்கு அவள் முழுவுரிமையாட்டி, வாழ்நாள் இரவற்காரி அல்லள் என்றது அது. வாழ்க்கைச் செலவிற்கென்று கைம்பெண்ணுக்கு ஒதுக்கிய உடைமையும் அவ்வாறே முழுவுரிமை ஆகும் என்று 1977 இல் உச்ச முறைமன்றம் விளக்கியது.

நம் பழந்தமிழகத்தில் பெண்ணுக்கு எல்லாம் இருந்தது, பின்வந்தோரே கெடுத்தனர் என்று சொல்லிவிட்டால் இங்கே கைதட்டல் கிடைக்கும். நான் அவ்வாறு சொல்லமாட்டேன். கைம்பெண்டிர் உண்ட உணவையும் கிடந்த படுக்கையையும் காட்டும் பாடல்கள் புறநானூற்றிலேயே உள்ளன. அவற்றைப் படித்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள என்னால் இயலவில்லை. ஆயினும் சிலப்பதிகாரத்தை இந்தக் கண்கொண்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். கோவலன் தன் செல்வமெல்லாம் இழந்தபின் எஞ்சியிருந்தது கண்ணகியின் சிலம்பு. அது கணவன் உடைமை அன்று, அவள் உடைமை. பாண்டியன் அவையில் அவள் நின்றது கணவன்மேற் சுமத்திய பழியைத் துடைக்க மட்டுமன்று. அச்சிலம்பு யாருடையது என்னும் வழக்கைக் கொண்டே அப்பழியைத் துடைத்தாள். தமிழின் தலைசிறந்த காப்பியம் ஒரு பெண்ணின் உடைமை வழக்கில்தான் முறுக்கேறுகின்றது. வகுப்பில் நான் இதைச் சொல்லும்போது பெண்பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதைக் கண்டிருக்கின்றேன்.

யாழ்ப்பாணத் தமிழரிடையே நல்லதொரு சொல் இருக்கின்றது. ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்டு, 1806 இல் பிரித்தானியரும் ஏற்ற தேசவழமைச் சட்டத்தில், மணவாழ்வின்போது ஈட்டிய உடைமைக்குத் 'தேடியதேட்டம்' என்று பெயர். முன்னோர்வழி வந்தது முதுசம். மணவாழ்வில் வந்தது தேட்டம். ஒருவன் உழைத்து வாங்கினான், மற்றவள் உலை வைத்தாள் என்று பிரித்துப் பார்க்காமல் தேட்டம் என்று ஒரு சொல்லில் அடக்கியது பெரும் அறிவு. (அதே சட்டம், மனைவி தன் நிலத்தை விற்கவும் கணவன் இசைவு வேண்டும் என்று கட்டியதையும் மறைக்கமாட்டேன்.) நம் சட்டத்தில் இக்கருத்து இல்லை. கணவன் உயிரோடிருக்கும்போது அவன் வாங்கிய நிலத்தில் எனக்குப் பங்கு என்று மனைவி கேட்க எந்தப் பிரிவும் இல்லை. 2023 சூன் திங்களில் சென்னை உயர் முறைமன்றம், கணவன் அயல்நாட்டில் ஈட்டி அனுப்பிய பணத்தில் வாங்கிய உடைமை பற்றிய வழக்கில், வீட்டைக் காத்த மனைவியின் உழைப்பும் ஈட்டமே, அவளுக்கும் ஒத்த பங்குண்டு என்று தீர்ப்புரைத்தது. தேடியதேட்டம் என்னும் கருத்து வேறு வாயிலால் நுழைவதாகவே நான் அதைப் பார்க்கின்றேன்.

ஊர்களில் உலவும் பொய்கள் சிலவற்றையும் இங்கேயே களைந்துவிட வேண்டும். 'மறுமணம் செய்தால் பங்கு போய்விடும்' என்பது முதற்பொய். 1856 ஆம் ஆண்டின் கைம்பெண் மறுமணச் சட்டம் அவ்வாறு சொன்னது உண்மை. 1956 இன் சட்டம் வந்தபின் கணவனின் உடைமையில் மனைவி பெற்ற பங்கை மறுமணம் பறிக்காது. அப்பழைய சட்டமும் 1983 இல் நீக்கப்பட்டுவிட்டது. 'மாமனார் உயிரோடிருக்கக் கணவன் போய்விட்டான், இனி அந்த வீட்டில் உனக்கு என்ன' என்பது இரண்டாவது பொய். மாமனார் உயிலின்றி மறைந்தால், முன்னிறந்த மகனின் மனைவியும் மக்களும் அவன் பங்கிற்கு நிற்பர். 'வங்கியில் பெயர் குறித்தவருக்கே பணம்' என்பது மூன்றாவது. வங்கி வைப்பில் பெயர் குறிக்கப்பட்டவர் பணத்தை வாங்கும் கை மட்டுமே. உரிமையர்க்குப் பிரித்துத் தரக் கடமைப்பட்டவர்.

நம் இயக்கத்தார் கட்டாயம் அறியவேண்டிய ஒன்று திருமண முறை. தீவலமும் ஏழடியும் இல்லாமல் மாலை மாற்றி மணந்தவர்கள் இவ்வரங்கில் பலர் இருக்கின்றீர்கள். 1953 இல் சென்னை உயர் முறைமன்றம், ஒரு குடும்பத்தின் சொத்து வழக்கில், அவ்வகைத் திருமணம் சட்டப்படி செல்லாதென்று தீர்ப்புக் கூறியது. எண்ணிப் பாருங்கள், அந்த ஒரு தீர்ப்பால் மாலை மாற்றி மணந்த அத்தனை மனைவியரும் கணவன் உடைமைமுன் அயலார் ஆயினர். 1967 இல் பேரறிஞர் அண்ணா முதலமைச்சராய் இருந்தபோது இயற்றிய திருத்தச் சட்டமே அத்திருமணங்களை, முன் நடந்தவற்றையும் சேர்த்து, செல்லுபடியாக்கியது. திருமணத்தைப் பற்றிய சட்டம் என்றே அதை நாம் போற்றுகின்றோம். கைம்பெண்ணின் கூரையைக் காத்த சட்டமும் அதுவே. ஆயினும் கணவன் மறைந்தபின் 'இவள் மனைவியே அல்லள்' என்று வழக்கிட ஆளிருக்கும். 2009 ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழகத்தில் எல்லாத் திருமணமும் பதிவாக வேண்டும். மேடையில் பாவலர் வாழ்த்திய மடலைச் சட்டமிட்டு மாட்டுகின்றீர்கள். அதனோடு பதிவுச் சான்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

சமயம் கடந்து மணந்தோர்க்குக் கணக்கு வேறு. தனித் திருமணச் சட்டப்படி மணந்தவருள் ஒருவர் இந்துச் சட்டத்திற்கு உட்படாதவராயின், 1925 இன் மரபுரிமைச் சட்டம் பொருந்தும். மக்கள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று. கிறித்தவர்க்கும் அதே அளவு. முசுலீம்களில் மக்கள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, இல்லையேல் நான்கில் ஒன்று. கணவனுக்கு அதன் இருமடங்கு.

இனி ஆடவர்க்கு ஒரு சொல். தாம் ஈட்டிய உடைமையை யாருக்கு வேண்டுமாயினும் எழுதிவைக்க இந்துச் சட்டம் இடங்கொடுக்கின்றது. மனைவியை அறவே விலக்கியும் எழுதலாம்; அவளுக்கு எஞ்சுவது வாழ்க்கைச் செலவு கேட்கும் உரிமை மட்டும். ஆகவே சட்டம் தந்த பங்கையும் ஓர் உயில் பறித்துவிடும். அதே உயில் காக்கவும் செய்யும். முத்திரைத் தாள் வேண்டா, வெள்ளைத்தாள் போதும். தெளிந்த மனத்தோடு எழுதிக் கையெழுத்திட்டு, இருவர் கரியாளராகக் கையெழுத்திட வேண்டும். பதிவு செய்வது கட்டாயமன்று, செய்தல் நலம். உயில் எழுதினால் இறப்பு நெருங்கும் என்றஞ்சுவோர், பகுத்தறிவு மேடையிலும் இருக்கக் கண்டிருக்கின்றேன்!

பெண்டிரும் எழுதுங்கள். ஏனென்று கேளுங்கள். மணமாகி மூன்றே திங்களில் கணவனை இழந்து, கணவன் வீட்டாரால் துரத்தப்பட்டு, பிறந்தகத்தார் துணையால் படித்து, வேலைக்குச் சென்று பொருள் சேர்த்த ஒரு பெண் உயிலின்றி மறைந்தார். பெற்ற தாய் வழக்கிட்டார். 2009 இல் உச்ச முறைமன்றம் அவ்வுடைமையைக் கணவனின் உடன்பிறந்தாள் மக்களுக்கே தந்தது. ஏனெனில் 1956 சட்டத்தின் 15 ஆம் பிரிவின்படி, கணவனும் மக்களும் இல்லாத பெண்ணின் சொந்த ஈட்டம் முதலில் கணவன் வழியினர்க்குப் போகும். பெற்றோர் அவர்க்குப் பின்னரே. பெற்றோரிடமிருந்து வந்த உடைமை மட்டுமே தந்தை வழிக்குத் திரும்பும். துரத்திய வீட்டிற்கு உழைப்பின் பயனைத் தூக்கிக் கொடுக்கும் இப்பிரிவு மாறவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாறும்வரை உங்கள் கையில் உள்ள காப்பு ஒரு வெள்ளைத்தாள்.

இன்னொன்று. வழக்காட வகையில்லையே என்று தயங்காதீர்கள். 1987 ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்ணாயிருந்தால் போதும்; வருவாய்க் கணக்குக் கேட்காமல் கட்டணமின்றி வழக்கறிஞரை அமர்த்தித் தருவார்கள். மாவட்ட முறைமன்ற வளாகத்திலேயே அவ்வலுவலகம் இருக்கும். ஏமாற்றி எழுதி வாங்கிய ஆவணமாயின், ஏமாற்றம் தெரிந்த நாளிலிருந்து மூன்றாண்டிற்குள் சென்றாக வேண்டும். துயர் ஆறட்டும், அடுத்த ஆண்டு பார்ப்போம் என்றிருப்பதில் நாள் போய்விடும். கணவன் மறைந்த வீட்டில் முதல் மூன்று திங்கள் எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள். யார் கேட்டாலும், 'படித்துப் பொருள் தெரிந்துகொண்டு தருகிறேன்' என்று தாளைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேட்பவர் தம்பியாயிருந்தாலும் அவ்வாறே செய்யுங்கள்.

இந்தக் கதையைப் பொதுமேடையில் சொல்லலாமா என்று சென்ற கிழமை என் அக்கையிடம் கேட்டேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "பேரைச் சொல்லாதே. மத்ததெல்லாம் சொல்லு. நீ படிச்சுக் காட்டினதையும் விடாமச் சொல்லு" என்றார். சொல்லிவிட்டேன்.

மேடைக்கு இடப்புறத்து அறையில் பெண் வழக்கறிஞர் ஒருவர் இரவு எட்டு மணி வரை இருப்பார். அழைப்பிதழில் வேண்டிக்கொண்டபடி பட்டாவும் ஆவணப் படிகளும் கொண்டுவந்திருப்போர் வரிசையாக உள்ளே செல்லுங்கள். எழுத்து விளங்காதவர்க்குப் படித்துச் சொல்ல நானும் அங்கே அமர்ந்திருப்பேன்.